படுக்கையில் கிடந்து கற்றவர்: புனித கமில்லஸ் தெ லெல்லிஸும் நோயாளர் பராமரிப்பும்

கமில்லஸ் தெ லெல்லிஸின் வாழ்க்கையைச் சொல்லும் நூல்கள் பெரும்பாலும் ஒரே நாளை மையமாக வைத்துச் சுழல்கின்றன. 1575 பிப்ரவரி 2. தென் இத்தாலியில் சான் ஜொவான்னி ரொத்தோந்தோவிலிருந்து மன்ஃப்ரெதோனியாவுக்குப் போகும் பாதையில், முந்தின நாள் ஒரு கப்புச்சின் துறவி சொன்ன அறிவுரை நெஞ்சை அறுக்க, 24 வயதுச் சூதாடி ஒருவர் நடுவழியில் மண்டியிட்டுக் கதறி அழுதார். அதற்கு முன் பாவி, அதற்குப் பின் புனிதர் என்று கதை இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. அந்த நாளை அவரே வாழ்நாள் முழுதும் நினைவுகூர்ந்தார். அதன் உண்மையை ஐயுற எனக்குக் காரணமில்லை. ஆனால் அந்த நாள் ஒரு கேள்விக்கு விடை சொல்வதில்லை. மனம் திரும்பி மடத்தில் சேர்ந்தவர்கள் அந்த நூற்றாண்டு இத்தாலியில் எத்தனையோ பேர். அவர்கள் செபித்தார்கள், நோன்பிருந்தார்கள், பிச்சை எடுத்தார்கள், பிரசங்கம் செய்தார்கள். இந்த ஒருவர் மட்டும் நோயாளிக்குக் கஞ்சி ஊட்டுவது எப்படி, விரிப்பு மாற்றுவது எப்படி என்று விதிமுறை எழுத உட்கார்ந்தது ஏன்? அதற்கான விடை அந்தப் பாதையில் கிடைக்காது. ரோமில் ஒரு மருத்துவமனையின் வார்டில்தான் அதைத் தேட வேண்டும். அங்கே அவர் நோயாளியாகக் கிடந்தார், கூலியாளாக வேலை பார்த்தார், வெளியேற்றப்பட்டார், திரும்பி வந்தார், பிறகு நிர்வாகியானார். கமில்லஸின் தனித்தன்மை இரக்கத்தின் மிகுதியில் இல்லை. பராமரிப்பு எங்கே உடைகிறது என்பதைக் கீழிருந்து பார்த்து, அதை ஒழுங்குக்குக் கொண்டுவந்ததில்தான் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

பிறந்தது 1550 மே 25இல், நாப்பொலி அரசைச் சேர்ந்த அப்ருத்சோ பகுதியில், புக்கியானிக்கோ என்ற மலையூரில். தாய் கமில்லா அவரைப் பெற்றது பிள்ளைப்பேறு நின்றுபோயிருக்க வேண்டிய முதிர்ந்த வயதில். தந்தை ஜொவான்னி படைத்தலைவர். வீட்டில் இருந்த நாளைவிட முகாம்களில் இருந்த நாள் அதிகம். சிறுவயதிலேயே தாயை இழந்த மகனும் தந்தையின் வழியிலேயே வாளும் சீட்டுக்கட்டுமாக வளர்ந்தார். 1570இல் தந்தையும் இறந்தார். அதற்கு முன்பே மகனின் காலில், கணுக்கால் பக்கத்தில், ஒரு புண் வந்திருந்தது. அது ஆறவே இல்லை. ஏறக்குறைய 46 ஆண்டுகள், சாகும்வரை, சில காலம் மூடியும் பல காலம் சீழ் வடிந்தும் கூடவே இருந்தது. அவர் எங்கே போனார், எங்கிருந்து திரும்பினார் என்பதை அவருடைய விருப்பத்தைவிட அந்தப் புண்தான் அதிகம் தீர்மானித்திருக்கிறது. வெனிசியப் படையில் துருக்கியருக்கு எதிராகப் போரிட்டு, 1574இல் நாப்பொலியில் கையிலிருந்த அனைத்தையும், போட்டிருந்த சட்டையையும்கூடச் சூதில் தோற்று, பிழைப்புக்காக மன்ஃப்ரெதோனியாவில் கப்புச்சின் மடத்துக் கட்டட வேலையில் சிற்றாளாகச் சேர்ந்தவர் அவர். மேலே சொன்ன மனமாற்றம் நடந்தது அப்போதுதான்.

ஆனால் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1571இல், அவர் ரோமில் சான் ஜாக்கொமோ மருத்துவமனையின் வாசலை மிதித்திருந்தார். 14ஆம் நூற்றாண்டில் கொலோன்னா குடும்பத்தார் நிறுவியது அது. 1515இல் திருத்தந்தை பத்தாம் லியோ அதைத் தீராத நோயாளிகளுக்கான இல்லமாக மாற்றியமைத்தார். தீராத நோயாளிகள் என்றால் பெரும்பாலும் சிபிலிஸ் நோயாளிகள். 1490களில் ஐரோப்பாவில் வெடித்த அந்நோய் உடலெல்லாம் புண்ணாக்கியது, முகத்தை அரித்தது. மற்ற மருத்துவமனைகள் அவர்களைச் சேர்க்கத் தயங்கின. தெருவோரத்தில் கிடந்தவர்களைச் சேர்ப்பதற்கென்றே இது இருந்தது. புதிய உலகத்திலிருந்து வந்த குவையாக் மரக்கட்டையைக் காய்ச்சிய கஷாயம் அங்கே பேர்பெற்ற சிகிச்சை. அதைக் குடித்து வியர்ப்பதற்காக நோயாளிகள் வசந்த காலத்தில் கூட்டமாக வருவார்கள். கால் புண்ணுக்கு மருத்துவம் தேடி வந்த கமில்லஸ், கையில் காசில்லாததால், வேலைக்காரராகவும் சேர்ந்துகொண்டார். வேலைக்காரராக அவர் மோசம். சண்டைக்காரர். இரவில் நழுவிப்போய் தைபர் ஆற்றங்கரைப் படகோட்டிகளோடு சீட்டாடினார். சில மாதங்களில் நிர்வாகம் அவரை வெளியே அனுப்பியது. புனிதர் வரலாறுகள் இந்தப் பகுதியை இருண்ட இளமைக்குச் சான்றாக மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. எனக்கு இது அவர் வாழ்க்கையின் மிக முக்கியமான தகவலாகப் படுகிறது. பிற்காலத்தில் மருத்துவமனைக் கூலியாட்களின் அலட்சியத்தைப் பற்றி அவர் பேசியபோது, அந்த அலட்சியம் எப்படி நடக்கிறது என்பதை வெளியே நின்று பார்த்தவராகப் பேசவில்லை. இரவில் வார்டை விட்டுவிட்டுப் போன ஆள் அவரே.

மனமாற்றத்துக்குப் பிறகு அவர் கேட்டது கப்புச்சின் துறவற வாழ்க்கையைத்தான். நோயாளர் பணியை அல்ல. மடத்தில் ஏற்றார்கள். துறவு உடை உரசி உரசிப் புண் மீண்டும் திறந்தது. குணமானால் வா என்று அனுப்பினார்கள். 1575இல் மறுபடி சான் ஜாக்கொமோ. இம்முறை நான்கு ஆண்டுகள் நோயாளியாகவும் பணியாளராகவும் இருந்தார். புண் மூடியது. 1579இல் திரும்பவும் கப்புச்சின் மடம், திரும்பவும் புண் திறந்தது, இம்முறை நிரந்தரமாக விலக்கப்பட்டார். மூன்றாவது முறையாக அதே மருத்துவமனைக்கு வந்தவரை நிர்வாகம் இல்லப் பொறுப்பாளராக நியமித்தது. சமையல், கிடங்கு, துணிமணி, வேலையாட்கள், வரவு செலவு எல்லாம் அவர் பொறுப்பு. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். ஒரே கட்டடத்துக்குள் படுக்கையில் கிடந்தவன் பார்ப்பது ஒன்று, மலசட்டி தூக்கியவன் பார்ப்பது ஒன்று, சாவிக்கொத்து வைத்திருப்பவன் பார்ப்பது ஒன்று. இம்மூன்றும் ஒரே ஆளிடம் சேர்வது எந்தக் காலத்திலும் அரிது. பிறப்பால் அடுக்கடுக்காகப் பிரிந்திருந்த அன்றைய ரோமில் இன்னும் அரிது. துறவியாக வேண்டும் என்று அவர் விரும்பினார். அவருடைய கால் அவரை மூன்று முறையும் வார்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

நிர்வாகியாக இருந்தபோதுதான் அவருக்கு ஒரு விஷயம் தெளிவானது. கூலியாளைக் கண்டித்தாலும், அபராதம் போட்டாலும், மாற்றினாலும் இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் கேட்டுக் கூப்பிடும் நோயாளிக்கு ஆள் வருவதில்லை. மேற்பார்வை இருக்கும்வரைதான் வேலை நடக்கிறது. 1582 ஆகஸ்டில் அவருக்குத் தோன்றிய யோசனை, கூலியை எதிர்பாராமல் நோயாளிக்காகவே பணிசெய்யும் ஆட்களைச் சேர்த்து ஒரு குழு அமைப்பது. மருத்துவமனைக்குள்ளேயே ஐந்து பேர் கிடைத்தார்கள். ஒரு சிறு அறையைச் செபக்கூடமாக்கிக் கூடினார்கள். மருத்துவமனையை நிர்வகித்த காவலர் குழு சந்தேகப்பட்டது. இவர்கள் மருத்துவமனையைக் கைப்பற்றப் பார்க்கிறார்கள் என்று செபக்கூடத்தைக் கலைக்கச் சொன்னது. இதைவிட வருத்தம் தருவது, அவருடைய ஆன்ம வழிகாட்டியான புனித பிலிப் நேரியே இந்த முயற்சியை எதிர்த்ததுதான். எழுத்தறிவு குறைந்த, மூர்க்க குணமுள்ள முன்னாள் சிப்பாய் ஒரு சபையை நடத்த முடியாது என்று அவர் கருதினார். கமில்லஸ் சான் ஜாக்கொமோவை விட்டு விலகியபோது அவருக்கு வழிகாட்டுவதையும் நிறுத்திக்கொண்டார். நேரியின் தயக்கத்தில் நியாயம் இல்லாமலில்லை. கமில்லஸ் 32 வயதில் ரோமன் கல்லூரியில் சிறுவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து லத்தீன் இலக்கணம் படிக்க வேண்டியிருந்தது. 1584இல் குருப்பட்டம் பெற்றார். பட்டம் கொடுத்தவர் இங்கிலாந்திலிருந்து நாடுகடந்து ரோமில் வாழ்ந்த முதிய ஆயர் தாமஸ் கோல்ட்வெல். அதே ஆண்டு சிறு குழுவாகத் தொடங்கியதை 1586 மார்ச்சில் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் அங்கீகரித்தார். ஜூனில் உடையில் செஞ்சிலுவை அணியவும் அனுமதித்தார். 1591இல் பதினான்காம் கிரகோரி அதை முழுத் துறவற சபையாக உயர்த்தினார். கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளோடு நான்காவதாக ஒன்று சேர்ந்தது: கொள்ளைநோய் என்றாலும் நோயாளருக்குப் பணிசெய்வது.

அவர் தொடக்கத்திலேயே எழுதிய விதிகளும், மருத்துவமனைகளில் ஏழை நோயாளருக்குப் பணிசெய்யும் முறை பற்றி அவர் வகுத்த ஒழுங்குகளும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. இவற்றைத் தியான நூல் என்று நினைத்துத் திறப்பவர் ஏமாறுவார். வந்து சேரும் நோயாளியை எப்படி வரவேற்பது, எப்படிக் கழுவித் துடைப்பது, படுக்கையை எப்படிப் போடுவது, சாப்பிட மாட்டேன் என்பவரிடம் எவ்வளவு பொறுமையோடு பேச வேண்டும் என்பதுதான் அவற்றின் பேச்சு. ஒரே பிள்ளை நோயில் கிடக்கும்போது தாய்க்கு இருக்கும் பாசத்தை ஒவ்வொருவரும் கடவுளிடம் கேட்டுப் பெற வேண்டும் என்று அங்கே சொல்லப்பட்டிருப்பது எல்லாரும் எடுத்துக்காட்டும் பகுதி. அதை மட்டும் தனியே எடுத்தால் உணர்ச்சிமயமாகத் தெரியும். அது நிற்கும் இடமோ விரிப்புகளுக்கும் கிண்ணங்களுக்கும் நடுவில். தாயன்பு என்று சொல்லிவிட்டு விட்டுவிடவில்லை அவர். தாய் கைகளால் என்னென்ன செய்வாள் என்று பட்டியலும் போட்டார். இன்னொரு ஏற்பாடு இன்றும் படிப்பவரை நிறுத்திவைக்கும். நெரிசலான வார்டுகளில் மூச்சு மங்கிய ஆளை இறந்துவிட்டதாக நினைத்து அவசரமாகத் தூக்கிவிடும் வழக்கம் இருந்தது. உயிரோடேயே புதைக்கப்பட்டவர்கள் உண்டு என்பதை அவர் கண்டுகொண்டார். ஆகவே மூச்சு நின்றதாகத் தோன்றிய பிறகும் கால்மணி நேரமாவது இறுதிச் செபங்களைத் தொடர வேண்டும், அதுவரை முகத்தை மூடக்கூடாது என்று தம் ஆட்களுக்குக் கட்டளையிட்டார். செபத்தை இங்கே ஒரு கடிகாரமாகவும் பயன்படுத்தியிருக்கிறார். ஆன்மாவுக்கான கடமையும் உடலுக்கான எச்சரிக்கையும் ஒரே பதினைந்து நிமிடத்துக்குள் அமைந்துவிட்டன. வார்டில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவருக்குத்தான் இப்படி ஒரு ஏற்பாடு தோன்றும்.

இவ்வளவையும் நமக்குச் சொல்வது யார் என்று கேட்பது நியாயம். கமில்லஸைப் பற்றிய முதன்மை ஆதாரம் அவரோடு வாழ்ந்த சபைத் துறவி சான்சியோ சிக்காத்தெல்லி எழுதிய வரலாறு. கமில்லஸ் இறந்த அடுத்த ஆண்டே, 1615இல் வெளிவந்தது. சிக்காத்தெல்லி சீடர், தம் சபைத் தந்தைக்குப் புனிதர் பட்டம் கிடைக்க வேண்டும் என்ற ஆசையோடு எழுதியவர். தாய் கண்ட கனவு, பேசிய சிலுவை என்பன போன்றவை அந்த இலக்கிய வகையின் வழக்கமான பொருட்கள். ஆனால் புகழ்பாடுவதற்காக எழுதியவர் மறைக்க வேண்டியதை மறைக்கவில்லை என்பது கவனத்துக்குரியது: சூதாட்டம், வேலைநீக்கம், மடத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டது, நேரியோடு பிணக்கு எல்லாம் அங்கே இருக்கின்றன. அதோடு, புதுமைகளை நான் ஆதாரமாகக் கொள்ளவில்லை. விதிகளும், திருத்தந்தையரின் ஆணைகளும், கமில்லஸின் கடிதங்களும், பட்ட விசாரணையில் உடன் பணியாற்றியவர்கள் ஆணையிட்டுச் சொன்ன சாட்சியங்களும் சேர்ந்து காட்டும் ஆள் ஒருவரே. 1742இல் முத்திப்பேறு பெற்றவராகவும் 1746இல் புனிதராகவும் அவரை அறிவித்த பதினான்காம் ஆசீர்வாதப்பர், பட்டமளிப்புக்கான சாட்சியங்களை எப்படிச் சோதிப்பது என்பது பற்றியே பெருநூல் எழுதிய சட்ட வல்லுநர். அவரும் மயங்கியிருக்கலாம், ஆனால் எளிதில் மயங்கக்கூடியவர் அல்லர்.

இதைவிட வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. நோயாளருக்குப் பணிசெய்வது கமில்லஸ் கண்டுபிடித்ததா? இல்லை. அவர் பிற்காலத்தில் பணியாற்றிய ரோமின் சாந்தோ ஸ்பிரித்தோ மருத்துவமனை மூன்றாம் இன்னொசென்ட் காலத்தில், 1200ஐ ஒட்டித் தொடங்கியது. மோன்பெலியே நகர் கீ என்பவரின் சபை அதை நடத்தியது. பாரிசின் ஒத்தேல் தியேவில் அகுஸ்தீன் சபைச் சகோதரிகள் நூற்றாண்டுகளாக இரவுபகல் பாராமல் உழைத்துவந்தார்கள். ஸ்பெயினின் கிரனாதாவில் ஜான் ஆஃப் காட் என்ற புனித இறை யோவான், புத்தகக் கடையை விட்டுவிட்டு, ஏழை நோயாளரைத் தோளில் சுமந்துவந்து மருத்துவமனை நடத்தினார். அவர் இறந்தது 1550 மார்ச் 8இல், கமில்லஸ் பிறப்பதற்கு இரண்டரை மாதம் முன்பு. 1886இல் பதின்மூன்றாம் லியோ இருவரையும் சேர்த்தே மருத்துவமனைகளுக்கும் நோயாளருக்கும் பாதுகாவலர்களாக அறிவித்தார். முதன்மையைக் கோருவது வீண் வேலை. நான் அதைக் கோரவில்லை. வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. இறை யோவான் தமக்கென ஓர் இல்லத்தைக் கட்டினார். அங்கே அவருடைய மனமே விதி. கமில்லஸ் மற்றவர்களுடைய பெரிய மருத்துவமனைகளுக்குள் போனார். நாப்பொலிக்கு 1588இல் போனார். மிலானின் பெரிய மருத்துவமனைக்கு 1594இல் போனார். அந்த நிறுவனங்களுக்குச் சொந்தக்காரர் உண்டு, மருத்துவர் உண்டு, பழைய வேலையாட்கள் உண்டு. அதற்குள் நுழைந்து வேலை செய்ய வேண்டுமானால் யார், எப்போது, எந்த வார்டில், எதற்குப் பொறுப்பு என்பது எழுத்தில் இருந்தாக வேண்டும். தனி மனிதரின் பரிவு ஒரு வாசலோடு நின்றுவிடும். எழுதிய முறை ஊர்விட்டு ஊர் போகும். கமில்லஸின் விதிகள் அப்படிப் போனவை.

அடுத்த ஆட்சேபம் இன்னும் ஆழமானது. இவர்கள் உண்மையில் உடலைப் பேணவில்லை, ஆன்மாவைப் பிடிக்கவே படுக்கையருகே போனார்கள். கஞ்சி தூண்டில், பாவசங்கீர்த்தனம்தான் மீன் என்று சொல்பவர்கள் உண்டு. திரெந்து சங்கத்துக்குப் பிந்திய கத்தோலிக்கத்தில் இப்படி நடந்ததற்குச் சான்றுகள் இல்லாமலில்லை; நோயாளி அன்றைய மருத்துவமனைகளில் முதலில் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்ற விதியும் இருந்தது. கமில்லஸும் அக்காலத்தவரே. அவருக்கு ஆன்மாவின் மீட்பே முதன்மை, அதில் ஐயமில்லை. ஆனால் அவருடைய சபைக்குள்ளேயே நடந்த பெரும் தகராறு இந்த ஆட்சேபத்துக்கு நேரான பதில் சொல்கிறது. மக்கள் இவர்களை நன்மரணத்தின் தந்தையர் என்று அழைக்கத் தொடங்கியிருந்தார்கள். சாகக் கிடப்பவர்களின் வீடுகளுக்கு இரவிலும் போய்த் தேற்றுவார்கள் என்பதால். படித்த குருக்கள் பலருக்கு அந்தப் பணியே போதும், அதுவே தகுந்தது என்று தோன்றியது. வார்டைப் பெருக்குவதும், விரிப்புத் துவைப்பதும், அழுக்குப் பாத்திரம் சுமப்பதும் குருக்களுக்குரியதா? கமில்லஸ் பிடிவாதமாக நின்றார்: மருத்துவமனைக்குள்ளேயே குடியிருக்க வேண்டும், உடல் பணி, ஆன்மப் பணி என்ற பிரிவே கூடாது, முழுப் பணியையும் ஏற்க வேண்டும். எதிர்த்தவர்கள் பலர்; வழக்கு திருத்தந்தை வரை போய், 1600 டிசம்பரில் எட்டாம் கிளமென்ட்டின் ஆணை ஒரு சமரசம் செய்தது. ஆன்மாவை மட்டும் பிடிக்க வந்தவர் இந்தச் சண்டையைப் போட்டிருக்க வேண்டியதே இல்லை. அவருடைய குருக்கள் கேட்டது அதைத்தான். கொடுத்துவிட்டிருந்தால் சபையில் அமைதி நிலவியிருக்கும். சாந்தோ ஸ்பிரித்தோவின் தலைவர் கூப்பிட்டனுப்பியபோது, கையில் இருந்த நோயாளியை விட்டு எழாமல், இப்போது இயேசு கிறிஸ்துவோடு இருக்கிறேன், முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியனுப்பியதாக ஒரு செய்தி வழங்குகிறது. அதில் பக்தி தெரிகிறது. அதற்கடியில் ஒரு பணி ஒழுங்கும் தெரிகிறது: வார்டில் பதவியின் அழைப்பைவிடக் கையிலிருக்கும் நோயாளிக்கே முன்னுரிமை.

நான்காம் வார்த்தைப்பாட்டை வீணான உயிர்த்தியாகம் என்று சொல்வோருக்கும் பதில் வேண்டும். 1589இல் நாப்பொலி துறைமுகத்தில் காய்ச்சல் கண்ட படைவீரரோடு வந்த கலங்களைக் கரையேற விடாமல் நிறுத்தினார்கள்; அவற்றில் ஏறிப் பணிசெய்த சகோதரர்களில் சிலர் அங்கேயே தொற்றி இறந்தார்கள். 1630இல் வட இத்தாலியிலும் 1656இல் நாப்பொலியிலும் ஜெனோவாவிலும் பிளேக் பரவியபோது சபை பெருமளவு அழிந்தது. சீக்கிரம் ஓடு, தொலைவுக்குப் போ, தாமதமாகத் திரும்பு என்பதே அன்றைய மருத்துவர்கள் பிளேக்குக்குக் கொடுத்த புகழ்பெற்ற அறிவுரை. வசதியுள்ளவர்கள் அதைப் பின்பற்றவும் செய்தார்கள். கிருமி என்ற அறிவு இல்லாத காலத்தில் இவர்கள் நோயைக் குணப்படுத்தவில்லை, சில வேளை ஒரு படுக்கையிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தியும் இருக்கக்கூடும். இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனாலும் கொள்ளைநோயில் சாகிறவர்கள் எல்லாரும் நோயால் மட்டும் சாவதில்லை. எழுந்து தண்ணீர் எடுக்க ஆளில்லாமல் சாகிறார்கள். ஊட்டுவாரின்றிப் பசியால் சாகிறார்கள். வாயில் தண்ணீர் விடவும், படுத்த இடத்திலேயே கிடக்கும் கழிவை அகற்றவும், மருந்து அறிவு எதுவும் தேவையில்லை; ஓடாத ஓர் ஆள் போதும். அந்த ஆள் நாளை இருப்பாரா என்பது அவருடைய அன்றைய மனநிலையைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது என்பதற்காகவே அதை வார்த்தைப்பாடாக்கினார் கமில்லஸ். வார்டை விட்டு ஓடுவது எவ்வளவு சுலபம் என்பது அவருக்குத் தெரியும்.

1598 கிறிஸ்துமஸ் சமயத்தில் தைபர் ஆறு கரைபுரண்டது. ரோமின் வரலாற்றில் பதிவான வெள்ளங்களில் அதுவே மிகப் பெரியது. சாந்தோ ஸ்பிரித்தோ ஆற்றங்கரையிலேயே இருந்தது. நான்காம் சிக்ஸ்துஸ் 1470களில் கட்டிய அதன் பெருவார்டு, ஏறக்குறைய 120 மீட்டர் நீளத்துக்கு இருபுறமும் படுக்கைகள் வரிசையாகப் போட்ட ஒரே கூடம், அது தரைத்தளத்தில். நீர் ஏறத் தொடங்கியபோது, அப்போது 48 வயதாகி, புண்காலும் குடலிறக்கமும் உள்ள கமில்லஸ் தம் ஆட்களோடு நோயாளிகளை ஒவ்வொருவராகத் தூக்கி மாடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவர் அசாதாரணமாக உயரமானவர், சிப்பாய் உடம்பு. அது அங்கே பயன்பட்டது. இத்தகைய காட்சிகளுக்காகவே மக்கள் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்குக் குறைவில்லாமல் நினைக்க வேண்டியது, அன்று இரவு தூக்குவதற்கு ஆட்கள் அங்கேயே குடியிருந்தார்கள் என்பது. மருத்துவமனைக்குள்ளேயே தங்க வேண்டும் என்ற அவருடைய சர்ச்சைக்குரிய கோரிக்கைக்கு அந்த வெள்ளத்தைவிடச் சிறந்த நியாயம் தேவையில்லை. போர்க்களத்துக்கும் இந்தப் பணி போனது; 1595இலும் 1601இலும் ஹங்கேரியில் துருக்கியரோடு நடந்த போர்களில் அவருடைய சகோதரர்கள் காயம்பட்டவர்களைக் கவனித்தார்கள். இதையும் அவர்களுடைய செஞ்சிலுவையையும் சேர்த்து, இன்றைய செஞ்சிலுவைச் சங்கத்தின் சின்னமே கமில்லஸிடமிருந்து வந்தது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது சரியல்ல. 1864இல் ஏற்கப்பட்ட அந்தச் சின்னம் சுவிட்சர்லாந்துக் கொடியின் நிறங்களை மாற்றி அமைத்தது. இல்லாத உறவை ஒட்டவைத்து அவருக்குப் பெருமை சேர்க்க வேண்டியதில்லை.

எல்லா ஆட்சேபங்களிலும் என்னை அதிகம் உறுத்துவது ஊதியம் பற்றியது. 1930இல் பதினொன்றாம் பயஸ் கமில்லஸைச் செவிலியருக்கும் அவர்களுடைய சங்கங்களுக்கும் பாதுகாவலராக்கினார். சங்கம் என்றால் அங்கே ஊதியக் கோரிக்கையும் வேலைநேரக் கோரிக்கையும் இருக்கும். கூலியில்லாப் பணியை இலட்சியமாக வைத்த ஒருவரை அவர்களுக்குப் பாதுகாவலராக நிறுத்துவது, சேவை என்ற பெயரைச் சொல்லிச் சம்பளத்தைக் குறைப்போருக்கு வசதியாகிவிடாதா? ஆகிவிடும், ஆகிக்கொண்டும் இருக்கிறது. ஒரு செவிலியர் ஐம்பது படுக்கைகளைப் பார்க்கும் வார்டில் தியாகத்தைப் புகழ்வது, இன்னும் இரண்டு பேரை நியமிக்கும் செலவைத் தவிர்க்கும் வழி. ஆனால் கமில்லஸின் வாழ்க்கையை அப்படிப் பயன்படுத்துபவர்கள் அதைப் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். கூலி வாங்காத அவருடைய ஆட்களுக்கு உணவும் உடையும் இருப்பிடமும் முதுமையில் பராமரிப்பும் சபையின் கடன். அதாவது சம்பளம் வேறு உருவில் இருந்தது. அந்தக் கணக்கில்தான் அவர் இடறவும் செய்தார். ஒரு மருத்துவமனை கேட்டால் மறுக்க மாட்டார்; இன்னொன்றையும் ஏற்பார்; ஆள் போதாது, காசு போதாது. சபை பெரும் கடனில் ஆழ்ந்தது. எதிர்த்த குருக்கள் எல்லாரும் சுகத்தை விரும்பியவர்கள் அல்லர். பலர் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துப் பயந்தவர்கள், உழைத்துத் தேய்ந்து செத்த இளம் சகோதரர்களை எண்ணிக் கலங்கியவர்கள். இதில் அவர்கள் பக்கமே நியாயம் அதிகம் என்று நான் நினைக்கிறேன். 1607இல் கமில்லஸ் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். கடனை அடைப்பது பின்னால் வந்தவர்கள் தலையில் விழுந்தது. பதவி போனபின் அவர் மடத்தில் ஓய்ந்து உட்காரவில்லை; சாந்தோ ஸ்பிரித்தோவிலேயே இடம் கேட்டு வாங்கி, வார்டில் சாதாரணப் பணியாளராக வேலையைத் தொடர்ந்தார். 1614 ஜூலை 14இல் பந்தேயோனுக்கு அருகிலுள்ள மரிய மதலேனா இல்லத்தில் இறந்தார். அவர் முதலில் நோயாளியாக நுழைந்த சான் ஜாக்கொமோ 2008 வரை மருத்துவமனையாகவே இயங்கியது.